'கால் வராது' என்றால் எங்கே பழுது? உடல் அசைவைப் பாதிக்கும் குறைபாடுகள்: ஓர் அறிமுகம்

பக்கவாதம், இளம்பிள்ளைவாதம், முடக்குவாதம், நடுக்குவாதம், முகவாதம். ஐந்து பெயரிலும் 'வாதம்' இருக்கிறது. ஐந்தும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. முதலாவது, மூளையின் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ வருவது. இரண்டாவது, ஒரு வைரஸ் தண்டுவடத்து நரம்பணுக்களைக் கொல்வதால் வருவது. மூன்றாவது நரம்பு நோயே அல்ல. மூட்டின் உட்சவ்வில் வரும் அழற்சி. நான்காவது, மூளையின் ஆழத்தில் ஒரு வேதிப்பொருள் குறைவதால் வருவது. ஐந்தாவது, முகத்துக்குப் போகும் ஒற்றை நரம்பு செயலிழப்பது. போதாக்குறைக்கு, பிறப்பதற்கு முன்போ பிறந்த சில ஆண்டுகளிலோ மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் நிலைக்கு 'மூளை முடக்குவாதம்' என்று பெயர். மூட்டு நோயான முடக்குவாதத்துக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.

குழப்பம் பெயரோடு நின்றால் பரவாயில்லை. ஒருவருக்குப் பலன் தந்த பயிற்சியை இன்னொருவர் செய்து தன் தசையை மேலும் கெடுத்துக்கொள்கிறார். "அவருக்கும் இப்படித்தான் இருந்தது, அவர் எழுந்து நடக்கவில்லையா?" என்று கேட்டு வேறொருவரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். இருவருக்கும் வெளியில் தெரிவது ஒன்றுதான்: கால் வரவில்லை. உள்ளே பழுதான இடம் வேறு. அந்த இடம் தெரிந்தால் மற்றவற்றில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

## மாடித் தொட்டியும் மோட்டாரும்

மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. என்ன பழுது? சுவிட்சாக இருக்கலாம். சுவர் வழியே போகும் வயராக இருக்கலாம். மோட்டாரில் வயர் சேரும் இணைப்பு கருகியிருக்கலாம். மோட்டாரே எரிந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் குழாய் உடைந்திருக்கலாம். கீழே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான், தொட்டி காலி. ஆனால் வயரில் எலி கடித்திருக்கும்போது மோட்டாரைக் கழற்றி மாற்றினால் என்ன பயன்?

உடலிலும் இதே வரிசைதான். ஓர் அடி எடுத்து வைக்க நினைத்ததும் மூளையின் மேற்புறணியில் உள்ள ஒரு நரம்பணு செய்தியை அனுப்புகிறது. இதை மேல் நரம்பணு என்போம். அதன் இழை மூளைத்தண்டின் அடியில் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தின் வழியே இறங்குகிறது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் உடலின் வலப்பக்கம் விழுவது இந்தத் தாண்டலால்தான்.

தண்டுவடத்தில் காத்திருக்கும் இரண்டாவது நரம்பணு செய்தியை வாங்கிக்கொண்டு தசைவரை கொண்டுபோகிறது. இது கீழ் நரம்பணு. பாதத்துக்குப் போகும் கீழ் நரம்பணுவின் இழை, வளர்ந்தவர்களிடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உடல் என்னவோ கண்ணுக்குத் தெரியாத அணுக்களால் ஆனதுதான், அதில் ஓர் அணு மட்டும் இடுப்பிலிருந்து கால்விரல்வரை நீண்டு கிடக்கிறது.

நரம்பு தசையைத் தொடுமிடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதைக் கடந்து தசையைத் தட்டுகிறது. தசை சுருங்குகிறது, தசைநாண் எலும்பை இழுக்கிறது, மூட்டு மடங்குகிறது.

ஆக சங்கிலியின் கண்ணிகள் ஆறு: மேல் நரம்பணு, தண்டுவடப் பாதை, கீழ் நரம்பணு, நரம்பும் தசையும் சேரும் இடம், தசை, எலும்பும் மூட்டும். இனி மேலிருந்து கீழே இறங்குவோம்.

## மேலே அறுந்தால் ஏன் இறுகுகிறது?

புதிதாகத் தெரிந்துகொள்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான். மூளையிலிருந்து செய்தி வரவில்லை என்றால் கால் துவண்டுதானே போகவேண்டும்? பக்கவாதம் வந்தவரின் கை முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுக மூடிக்கொள்வது ஏன்?

ஆசிரியர் வெளியே போன வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இருந்தவரை பாடம் மட்டும் நடத்தவில்லை, அமைதியையும் காத்தார். மூளையும் அப்படித்தான். 'சுருங்கு' என்று சொல்வதைப்போலவே 'சும்மா இரு' என்று சொல்வதும் அதன் வேலை. தண்டுவடத்துக்குச் சொந்தமாக ஓர் அனிச்சை உண்டு: தசையைத் திடீரென இழுத்தால் அது எதிர்த்துச் சுருங்கும். முழங்காலுக்குக் கீழே மருத்துவர் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது கால் உதறுவது அதனால்தான். மேலிருந்து அடக்கும் குரல் நின்றுபோனால் இந்த அனிச்சை கட்டுக்கடங்காமல் போகிறது. காலை மெல்ல நீட்டினால் வருகிறது, வேகமாக நீட்டினால் முட்டுக்கட்டை போட்டதுபோல் நிற்கிறது. இதற்குப் பெயர் விறைப்பு.

முதல் நாளிலேயே விறைப்பு வருவதில்லை. மூளையோ தண்டுவடமோ திடீரென அடிபட்டால் முதலில் எல்லாம் துவண்டு கிடக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோதான் இறுக்கம் தலைகாட்டும். அதைப் பார்த்து 'பலம் திரும்புகிறது' என்று குடும்பம் மகிழ்ந்துவிடுவதுண்டு. பலம் என்பது நினைத்தபோது சுருக்கி, நினைத்தபோது விடுவது. விறைப்பில் அந்த 'விடுவது' இல்லை.

பக்கவாதத்தின் தொடக்க நாட்களில் ஒரு எச்சரிக்கை. தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் தசைகள்தான். அவை துவண்டிருக்கும்போது, படுக்கையிலிருந்து எழுப்புவதற்காகச் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் தங்கும். முதுகுக்கும் இடுப்புக்கும் கைகொடுத்துத்தான் எழுப்பவேண்டும்.

மூளை முடக்குவாதத்தில் மூளையின் காயம் ஒரு முறை நிகழ்ந்தது, அது வளர்வதில்லை. குழந்தை வளர்கிறது, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எலும்பு நீள்கிறது, ஓயாமல் இறுகிக் கிடக்கும் தசை அதற்கு ஈடாக நீள்வதில்லை. குதிகால் தரையைத் தொடாமல் விரல்நுனியில் நடப்பது, தொடைகள் கத்தரிக்கோலாய்ப் பின்னிக்கொள்வது, இடுப்பு மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது எல்லாம் இதன் விளைவு. இடுப்பு விலகல் வலி வருவதற்கு முன்பே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அதனால் 'வலி இல்லையே' என்று இடுப்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: பேச்சு குழறுவது நாக்கும் உதடும் தொண்டையும் தசைகள் என்பதால். அறிவு பாதிக்கப்பட்டிருக்கலாம், சற்றும் பாதிக்கப்படாமலும் இருக்கலாம். குழறும் பேச்சை வைத்து அறிவை அளப்பதுதான் இந்தத் துறையிலேயே மிகப் பழைய தவறு.

விறைப்பைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. குறிப்பிட்ட தசையில் போடும் போட்டுலினம் ஊசியும் உண்டு. அதன் பலன் ஏறக்குறைய மூன்று மாதம். ஆனால் எல்லா விறைப்பும் எதிரி அல்ல. பலமில்லாத காலில் அந்த விறைப்பை ஊன்றிக்கொண்டுதான் சிலர் எழுந்து நிற்கிறார்கள். அதை முழுவதும் எடுத்துவிட்டால் கால் மடிந்து உட்கார்ந்துவிடுவார்கள். எந்தத் தசையில், எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பதில்தான் சிகிச்சையின் திறமை இருக்கிறது.

மூளையில் பலத்தைக் கெடுக்காமல் அசைவை மட்டும் கெடுக்கும் இடங்களும் உண்டு. சிறுமூளை பழுதானால் கால் பலமாக இருக்கும், குறி தவறும். படகில் நடப்பதுபோல் தள்ளாடுவார். மூளையின் ஆழத்தில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்தால் அசைவைத் தொடங்குவதே பாடாகிவிடும். வாசற்படியருகே கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் நடுக்குவாதம், 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய்.

சுருக்கமாக: மூளையில் பழுது என்றால் பெரும்பாலும் விறைப்பு, அல்லது தள்ளாட்டம், அல்லது அசைவைத் தொடங்க முடியாமை. தசை நல்லபடியாக இருக்கிறது, அதை ஆள்பவர்தான் இல்லை.

## தண்டுவடம்: எத்தனையாவது மாடியில் வெட்டு?

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திருவெலும்பில் 5, வாலெலும்பில் 1. அடுக்குமாடிக் கட்டடத்தில் மேலிருந்து கீழே இறங்கும் மின்கம்பியைப்போல. ஏழாவது மாடியில் அறுந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா வீடும் இருட்டு, மேலே உள்ளவை வெளிச்சம்.

அதனால்தான் மருத்துவ அறிக்கையில் 'சி-5', 'டி-10' என்று எழுதுகிறார்கள். 'சி' கழுத்து, 'டி' மார்பு, 'எல்' இடுப்பு. காயம்பட்டவரிடம் கடைசியாக ஒழுங்காக வேலைசெய்யும் நிலை எதுவோ அதையே குறிப்பார்கள். இந்த எழுத்தும் எண்ணும் அன்றாட வாழ்க்கையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மூச்சுவிட உதவும் உதரவிதானத்துக்கான நரம்பு சி-3, 4, 5இலிருந்து வருகிறது. அதற்கு மேலே முழு வெட்டு என்றால் மூச்சுக்கே இயந்திரம் வேண்டும். சி-5 இருந்தால் முழங்கையை மடக்கலாம். சி-6 இருந்தால் மணிக்கட்டைத் தூக்கலாம். தூக்கும்போது விரல்கள் தாமாகக் கொஞ்சம் மூடும், அந்தப் பிடியிலேயே கரண்டி பிடிக்கப் பழகுகிறார்கள். அந்த விரல்களை வேகவேகமாக நீவி நேராக்கிவிட்டால் கிடைத்த பிடியும் போய்விடும். சி-7 இருந்தால் முழங்கையை நீட்டலாம். அதாவது கையை ஊன்றி உடலைத் தூக்கி, கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறலாம். ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால் ஒருவருக்கு எப்போதும் துணை வேண்டும், மற்றவர் தனியாக வாழலாம்.

வெட்டு முழுமையானதா, பகுதியா என்பதும் முக்கியம். ஆசனவாயைச் சுற்றியுள்ள உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள். கூச்சமான சோதனைதான். ஆனால் தண்டுவடத்தின் கடைசி நரம்புகள் அங்கே போவதால், அங்கே துளி உணர்வு இருந்தாலும் ஏதோ ஒரு இழை மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் இருக்கிறது என்று பொருள்.

நடக்க முடியாதது இந்தக் காயத்தின் பெரிய துன்பம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். காயம்பட்டவர்களைக் கேட்டால் பலர் சிறுநீர், மலம், தோல் என்றுதான் தொடங்குவார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தது தெரியாது, தானாகக் காலியாகவும் ஆகாது. தேங்கினால் தொற்று, அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் கெடும். எனவே நேரம் வைத்துச் சுத்தமான குழாயால் வடிக்கவேண்டியிருக்கிறது.

டி-6 அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவர்களுக்கு இன்னோர் ஆபத்து. காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் ரத்தஅழுத்தம் திடீரென எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, சிவப்பு. பெரும்பாலும் காரணம் நிறைந்த சிறுநீர்ப்பை அல்லது மடங்கிய குழாய், அடுத்தது மலச்சிக்கல். உடனே நிமிர்த்தி உட்காரவைக்கவேண்டும் (படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும்), இறுக்கமான உடையையும் பட்டையையும் தளர்த்தவேண்டும், குழாயைப் பார்க்கவேண்டும். தணியாவிட்டால் அவசர சிகிச்சை. கூட இருப்பவர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

## கீழ் நரம்பணு: துவண்ட கால்

இப்போது படம் தலைகீழாகிறது. தசைக்குப் போகும் கடைசி வயரே போய்விட்டது. தண்டுவடத்தின் அனிச்சைக்கும் அதே வயர்தான் வழி என்பதால் அதுவும் இல்லை. முழங்காலில் தட்டினால் கால் உதறாது. தசை துவண்டு, சில மாதங்களில் மெலிந்து, கால் குச்சியாகிறது.

இளம்பிள்ளைவாதம், அதாவது போலியோ, இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது; ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தரச் செயலிழப்பு. அந்த வைரஸ் தண்டுவடத்தில் இயக்க அணுக்களை மட்டும் குறிவைக்கிறது, தொடுவுணர்வு அணுக்களை விட்டுவிடுகிறது. அதனால் போலியோ வந்த காலில் எறும்பு ஊர்ந்தால் தெரியும், ஆனால் காலை நகர்த்தத்தான் முடியாது. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் அவருக்குப் படுக்கைப் புண் வருவது அரிது, உறுத்தினால் தானே அசைந்துகொள்வார். முழுத் தண்டுவடக் காயம் உள்ளவருக்கோ அந்த எச்சரிக்கை மணி இல்லை. வீல்சேரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவருக்கும் உள்ள வேறுபாடு இது.

போலியோவில் தப்பிப் பிழைத்த நரம்பணுக்கள் கிளைவிட்டு, அநாதையான தசைநார்களையும் தத்தெடுத்துக்கொள்கின்றன. முதல் சில மாதங்களில் கொஞ்சம் பலம் திரும்புவது அதனால்தான். ஆனால் அளவுக்கு மேல் சுமந்த அணு பல பத்தாண்டுகள் கழித்துக் களைக்கத் தொடங்கும். நடுவயதில் மறுபடி சோர்வும் பலக்குறைவும் வரும். வைரஸ் திரும்பவில்லை. 'இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்' என்பது இங்கே தவறான அறிவுரை, ஏற்கெனவே நுரைதள்ளும் மாட்டை அடிப்பதுபோல. வேலையைப் பிரித்துச் செய்வது, நடுவே ஓய்வு எடுப்பது, தேவைப்பட்டால் வீல்சேருக்கு மாறுவது ஆகியவையே உதவும்.

தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது மீண்டும் வளரும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தசை 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் பத்து மாதம்போல் ஆகும். அதற்குள் மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது நம் பாடு. தண்டுவடத்துக்குள் அறுந்தவை இப்படி வளர்வதில்லை.

துவண்டிருக்கிறதா, இறுகியிருக்கிறதா? உணர்வு இருக்கிறதா, இல்லையா? இந்த இரண்டு கேள்விகளே பழுது எங்கே என்பதைப் பாதி சொல்லிவிடும்.

## இணைப்பும் தசையும்

நரம்பும் சரி, தசையும் சரி, நடுவில் உள்ள இடைவெளியில் செய்தி விழுங்கப்படலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே அசிட்டைல்கோலினை வாங்கும் இடங்களை அடைத்துவிடும் நோய் ஒன்று உண்டு: மயஸ்தீனியா கிராவிஸ். காலையில் நன்றாக இருப்பார், மாலையில் இமை தொங்கும், சாப்பாட்டை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை சோரும், ஓய்வெடுத்தால் தெளியும். "காலையில் நடந்தாயே, இப்போது மட்டும் என்ன?" என்ற கேள்வியால் அதிகம் காயப்படுபவர்கள் இவர்கள்.

தசையே சிதைவது வேறு கதை. டூசேன் தசைச்சிதைவில், தசைநாரின் உறையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தை உடல் தயாரிப்பதில்லை. அந்தப் புரதம் 1987இல்தான் அடையாளம் காணப்பட்டது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வருகிறது. நன்றாக நடந்த பையன் மூன்று, நான்கு வயதில் அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது கைகளைத் தன் தொடையில் ஊன்றி, தன்மேலேயே ஏறுவதுபோல் எழுவான். கெண்டைக்கால் தடித்திருக்கும். பார்ப்பவர்கள் பலசாலி என்பார்கள், உள்ளே இருப்பது கொழுப்பும் நாரும். உறை பலவீனமான தசை ஒவ்வொரு கடும் உழைப்பிலும் கிழிகிறது. எனவே எடை தூக்கும் பயிற்சி கூடாது. இதயமும் மூச்சுத் தசையும் பின்னால் பாதிக்கப்படும் என்பதால் கால் மட்டுமே கவனம் பெறக் கூடாது.

## எலும்பு, மூட்டு, இழந்த கால்

இங்கே விளக்கம் அதிகம் தேவையில்லை. செய்தி வருகிறது, குழாய்தான் உடைந்திருக்கிறது. தேய்ந்த மூட்டு, எளிதில் முறியும் எலும்பு, துண்டிக்கப்பட்ட கால்.

கால் இழந்தவரிடம் கேட்கவேண்டிய முதல் விவரம் முழங்கால் இருக்கிறதா என்பது. முழங்காலுக்குக் கீழே போனவர் செயற்கைக் காலில் மிக இயல்பாக நடக்கமுடியும். மேலே போனவருக்கு ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் உழைப்பு தேவை. இல்லாத காலில் வலிப்பதும் உண்மை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, அது மனப்பிரமை அல்ல.

## எது கூடும், எது அப்படியே நிற்கும்?

பழுதின் இடத்துக்கு அடுத்தபடி கேட்கவேண்டியது காலத்தை. மூளை முடக்குவாதம், போலியோ, தண்டுவடக் காயம், துண்டித்தல் ஆகியவற்றில் மூலப் பழுது அதே அளவில் நிற்கும். தசைச்சிதைவும் நடுக்குவாதமும் கூடிக்கொண்டே போகும். பக்கவாதம் ஓரளவு மீளும், பெரும் முன்னேற்றம் முதல் சில மாதங்களில். நரம்புகளின் உறை உரியும் சில நோய்கள் வந்து வந்து போகும்.

நின்றுபோன பழுதிலும் கூடக்கூடியவை இரண்டு. ஒன்று, நிரந்தரச் சுருக்கம். ஒரே நிலையில் கிடக்கும் மூட்டைச் சுற்றியுள்ள திசு குறுகி, பிறகு நரம்பே சரியானாலும் மூட்டு விரியாமல் போவது. நாள்தோறும் ஒவ்வொரு மூட்டையும் அதன் முழு வீச்சுக்கு மெதுவாக அசைப்பது இதைத் தடுக்கும். முழங்காலுக்கடியில் எந்நேரமும் தலையணை வைப்பது இதம்தான், ஆனால் அதுவே முழங்காலை மடங்கிய நிலையில் பூட்டிவிடும்.

மற்றது படுக்கைப் புண். எலும்பு துருத்திய இடத்தில் தோல் நசுங்கி, ரத்தம் போகாமல் உள்ளிருந்து அழுகுவது. பிட்டத்து எலும்பு, திருவெலும்பு, குதிகால் ஆகியவை பலியாகும் இடங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டவேண்டும். வீல்சேரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை முன்னால் குனிந்து ஓரிரு நிமிடம் இருக்கவேண்டும். கையை ஊன்றி ஒரு நொடி எம்பி உட்கார்ந்தால் போதாது, நசுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும். தினம் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கவேண்டும். 'சிவந்திருக்கிறதா' என்று மட்டும் தேடினால் கருத்த தோலில் ஏமாந்துவிடுவோம். சுற்றுப்புறத்தைவிடக் கறுப்பாகவோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை நல்லதல்ல. ஓட்டையின் விளிம்பு அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தை நிறுத்துகிறது.

## கோல், கட்டை, வீல்சேர்

ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது? பழுதான காலுக்கு எதிர்க்கையில். பலரும் மாற்றியே பிடிக்கிறார்கள். வலக்கால் பழுது என்று கொள்ளுங்கள். இடக்காலைத் தூக்கி வலக்காலில் நிற்கும்போது இடுப்பு இடப்பக்கம் சரியப் பார்க்கும். அந்தச் சரிவை வலது இடுப்புத் தசை தனியாக இழுத்துப் பிடிக்கிறது, அந்த இழுப்பே மூட்டை நசுக்குகிறது. சரியும் பக்கத்தில், அதாவது இடக்கையில், கோல் இருந்தால் முட்டுக்கொடுத்ததுபோல் தாங்கும். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரமே கைப்பிடியின் உயரம். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பழுதான காலும் கோலும் முதலில்.

அக்குள் கட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே கேடு. அது அக்குளில் தொங்குவதற்கு அல்ல. அக்குளுக்கும் கட்டையின் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்கவேண்டும். அக்குளை அழுத்தித் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்கமுடியாமல் கை தொங்கிவிடும். காலுக்கு வைத்தியம் பார்க்கப்போய்க் கையும் போன கதை.

வீல்சேர் சட்டையைப் போல அளவெடுத்து வாங்கவேண்டிய பொருள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்கினால் என்ன ஆகும்? இருக்கை அகலமானால் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்து முதுகெலும்பு கோணும். நீளமானால் முழங்காலின் பின்புறம் இடிக்கும், இடிக்காமலிருக்க முன்னால் சறுக்கி உட்காருவார், திருவெலும்பில் புண் வரும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி போதும். பாதத்தட்டு உயர்ந்திருந்தால் முழங்கால் மேலேறி, எடையெல்லாம் பிட்டத்தில் இறங்கும். பெரிய சக்கரத்தின் அச்சு தோளுக்கு நேர்கீழே இருக்கவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி அச்சருகே வரவேண்டும். அச்சு மிகவும் பின்னால் இருந்தால் தோள் தேயும், மிகவும் முன்னால் இருந்தால் வண்டி மல்லாந்துவிடும்.

மெத்தையைச் சோதிக்க எளிய வழி: அவர் உட்கார்ந்திருக்கும்போது பிட்டத்து எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே விரல்களை நுழையுங்கள். விரல்நுனியை 5 மில்லிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் சரி. அசைக்க முடியாமல் வெளியே இழுக்க மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. விரலே நசுங்கினால் அந்த மெத்தையை மாற்றவேண்டும்.

## குறை உடலிலா, வாசலிலா?

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு மூன்றைப் பிரித்துப் பார்க்கிறது: உடலுறுப்பில் உள்ள குறை, அதனால் செய்யமுடியாமல் போகும் செயல், அதனால் கலந்துகொள்ள முடியாமல் போகும் வாழ்க்கை. கால் வராதது முதலாவது. படியேற முடியாதது இரண்டாவது. நூலகம் மாடியில் இருப்பதால் படிக்கப் போகமுடியாதது மூன்றாவது. முதலாவதை மருத்துவம் சில நேரம் மாற்றும், பல நேரம் மாற்றாது. மூன்றாவதை ஒரு கொத்தனாரே மாற்றிவிடலாம்.

ஆனால் அளவு தெரிந்த கொத்தனாராக இருக்கவேண்டும். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 12 சென்டிமீட்டர் நீளம். 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கு 180 சென்டிமீட்டர், மூன்று படிக்கு 5 மீட்டர் 40 சென்டிமீட்டர். பல இடங்களில் மூன்று படிமேல் இரண்டு மீட்டர் சிமென்ட்டைச் சரித்துப் பூசிவிட்டு நீலப் பலகை மாட்டியிருப்பார்கள். அதில் தனியே ஏறமுடியாது, இறங்கினால் விழவேண்டியதுதான். கதவு திறந்த பிறகு கிடைக்கும் வழி குறைந்தது 80 சென்டிமீட்டர், 90 இருந்தால் நல்லது. கதவின் தடிமனும் கீலும் தின்பது போக மிச்சத்தை அளக்கவேண்டும், சட்டத்தின் அகலத்தை அல்ல. உள்ளே வண்டி திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம் வேண்டும். அது இல்லாத கழிப்பறைக்குள் நுழைந்தவர் பின்னோக்கியே வெளியே வரவேண்டும்.

சாய்தளம் செங்குத்தாகவே அமைந்துவிட்டால், உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பி, உதவுபவர் முன்னே பின்னடியாக இறங்க, வண்டியும் பின்புறமாகவே இறங்கவேண்டும். முன்நோக்கித் தள்ளினால் ஆள் முன்னால் சரிந்து விழுவார். படியில் தூக்கவேண்டி வந்தால் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கைவைக்கும் பகுதியும் பாதத்தட்டும் பெரும்பாலான வண்டிகளில் கழற்றி மாட்டக்கூடியவை; அவற்றைப் பிடித்துத் தூக்கினால் அவை மட்டும் கையோடு வரும்.